மூன்றாம் நாள் சீம்பால் ஏன் கட்டியாகவில்லை?

தண்டவாளத்தோரம்
22 ஜனவரி, இரவு 9.40

வணக்கம். இதைச் சமையல் பகுதியில் போடுவதா, இங்கே போடுவதா என்று குழப்பம். தப்பான இடம் என்றால் நிர்வாகி நகர்த்திவிடுங்கள்.

நாங்கள் இருப்பது கொருக்குப்பேட்டை. தெருக்கோடியில் ஒரு பெரியவர் மூன்று மாடு வைத்திருக்கிறார். வாசலில் கட்டி, கண்ணெதிரே கறந்து ஊற்றும் ஆள் எங்கள் பக்கத்தில் இப்போது அவர் ஒருவர்தான். போன வாரம் அவருடைய சிவப்பு மாடு (ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈத்து) கன்று போட்டது. கன்று குடித்தது போக மிச்சம் என்று சொல்லி ஒரு சொம்பு சீம்பால் கொடுத்தார். அடுத்த மூன்று நாளும் கொடுத்தார்.

அம்மா நான்கு நாளும் ஒரே கணக்கில்தான் செய்தார்கள். ஒரு பங்கு சீம்பாலுக்கு ஒரு பங்கு பாக்கெட் பால், வெல்லம், ஏலக்காய், இட்லிப் பானையில் ஆவி. முதல் நாள் கத்தி போட்டு வில்லை வில்லையாக வெட்டினோம். இரண்டாம் நாள் இளநீர் வழுக்கை மாதிரி ஆடியது, கரண்டியில் அள்ளிச் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் கட்டியாகவே இல்லை. அடியில் கொஞ்சம் திரிதிரியாக, மேலே தண்ணீர். நாலாம் நாள் வெறும் வெல்லப் பால்.

இன்னொன்று. முதல் நாள் பாலைப் பச்சையாக விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன் (திட்டாதீர்கள்). இனிப்பே இல்லை, லேசாக உப்புக் கரித்தது. நாலாம் நாள் பால் இனித்தது. அதே மாடு, அதே தவிடு, அதே புண்ணாக்கு. நாலு நாளில் உள்ளே என்னதான் மாறியது?

மூலக்கொத்தளம்_முரளி
22 ஜனவரி, இரவு 9.52

இட்லிப் பானை மூடி சரியாக உட்காரவில்லை. விஷயம் முடிந்தது.

கல்மண்டபம்_கலா
22 ஜனவரி, இரவு 10.15

மூடி மேல் பழி போடாதீங்க முரளி. தம்பி, உங்கள் அம்மா எல்லா நாளும் ஒரே கணக்கு போட்டதுதான் பிசகு. எங்கள் அம்மா நெல்லூர் பக்கம். நாங்கள் ஜுன்னு என்போம். முதல் நாள் பால் இரண்டு பங்கு சாதாரணப் பாலைத் தாங்கும். இரண்டாம் நாள் பாலுக்கு அரைப் பங்கு ஊற்றலாம். மூன்றாம் நாள் என்றால் ஒரு சொட்டு கலக்கக் கூடாது, அப்போதும் இறுகினால் இறுகும், இல்லாவிட்டால் இல்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பாட்டி சொன்னது.

வேப்பேரி_பழசு
23 ஜனவரி, காலை 6.20

கலா அம்மாவின் பாட்டி சொன்ன கணக்கை எங்கள் கல்லூரியில் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்து, முப்பது வருடம் மாட்டு மடியோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன்.

பசு கன்று போட்டதும் கறக்கும் முதல் பாலில் புரதம் சுமார் 14 சதவீதம். இரண்டாவது கறவையில் 8 சொச்சம். மூன்றாவதில் 5. அப்புறம் மெல்ல இறங்கி, சாதாரணப் பாலுக்கு உரிய 3 சொச்சத்தில் வந்து நிற்கும். கவனிக்க வேண்டியது, இது நாள் கணக்கு இல்லை, கறவைக் கணக்கு. காலை மாலை இரண்டு வேளை கறந்தால் உங்கள் மூன்றாம் நாள் பால் ஐந்தாவது அல்லது ஆறாவது கறவை. அதற்குள் சரக்கு இறங்கிவிட்டது. அதிலும் பாதிக்குப் பாதி பாக்கெட் பால் ஊற்றினால் எங்கிருந்து இறுகும்?

புரதம் கூடினால் மட்டும் இறுகிவிடாது, எந்தப் புரதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தினம் நாம் காய்ச்சும் பால் ஏன் முட்டை மாதிரி உறைவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? பசும்பால் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசீன். கேசீன் கொதிக்கக் கொதிக்க அசையாது, புளிப்பு பட்டால்தான் திரியும், தயிராகும். மிச்சம் ஒரு பங்கு தயிருக்கு மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரில் இருக்கும் புரதம். ஜிம் பையன்கள் டப்பா டப்பாவாக வாங்கும் வே புரோட்டீன் அதுதான். சீம்பாலில் இந்தக் கணக்கு தலைகீழ். கேசீனும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனால் மலைபோல் ஏறி நிற்பது இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம். அது சூட்டில் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், முட்டை வெள்ளைக்கரு மாதிரி. நீங்கள் கத்தி போட்டு வெட்டியது பெரும்பாலும் அதைத்தான்.

மாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றால், பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு தாயின் எதிர்ப்புப் புரதத்தைக் கன்றுக்குக் கடத்தாது. மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் சில மணி நேரம் மட்டும் அதன் குடல் இந்தப் பெரிய புரதத்தை அப்படியே முழுசாக ரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அந்த வாசல் குறுகி, ஒரு நாளில் அடைத்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் புகட்டினாலும் ரத்தத்தில் ஏறாது.

ஆகவே தம்பி, பெரியவர் 'கன்று குடித்தது போக' என்று சொன்னாரே, அது நிஜமா என்று விசாரியுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்தில் இரண்டரை லிட்டராவது போக வேண்டும். ஊரெல்லாம் சொம்பு சொம்பாகக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாளில் கன்று கழிந்து செத்துப்போனது என்று என்னிடம் அழுதவர்கள் ஏராளம். அப்புறம் கன்று இருப்பதாக நினைத்து மாடு பால் சுரக்கட்டும் என்று, வைக்கோல் அடைத்த தோல் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும்.

இனிப்புக் கதை மாலையில். மருமகள் காபிக்குக் கூப்பிடுகிறாள்.

நாட்டுமாடு_நண்பன்
23 ஜனவரி, காலை 11.05

ஜெர்சி கலப்புப் பாலை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆராய்ச்சியா? நாட்டு மாட்டுப் பால் ஏ2. அதில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையே கிடையாது, அதனால்தான் யாருக்கும் வயிறு கெடாது.

எஸ்என்எஃப்_மாமா
23 ஜனவரி, மதியம் 1.30

நண்பரே, பொன்னேரி பக்கம் சொசைட்டியில் இருபது வருடம் பால் சோதித்தவன் சொல்கிறேன். எந்த மாடாக இருந்தாலும் லாக்டோஸ் நாலரையிலிருந்து ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசீன் என்ற ஒரே ஒரு புரதத்தில், 209 அமினோ அமிலம் கோத்த மாலையில் 67ஆவது மணி எது என்கிற வித்தியாசம். நாட்டு மாட்டிலும் எருமையிலும் பெரும்பாலும் ஏ2 என்பது சரிதான். ஆனால் சர்க்கரைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சீம்பாலைப் பற்றி ஒன்று. சோதிக்கும் ஆளுக்குத் தெரியாது என்று நினைத்து நாலாவது கறவையைச் சாதாரணப் பாலில் கலந்து கொண்டுவருவார்கள். சுத்தமான சீம்பாலில், பாலின் கனம் பார்க்கும் லாக்டோமீட்டரை விட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு மேலேயே நிற்கும், அவ்வளவு கனம். கலந்தால் அது தெரியாது. அதனால் சோதனைக் குழாயில் ஐந்து மில்லி எடுத்துக் கொதிநீரில் வைப்போம். சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் குருணை குருணையாக ஒட்டும். புளித்த பாலும் அப்படித்தான் ஒட்டும், ஆனால் மோந்து பார்த்தாலே புளிப்பு தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்பு விதியில் பால் என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்திலேயே சீம்பால் கலக்காதது என்று இருக்கிறது. கெடுதல் என்பதால் இல்லை, டெய்ரியில் சூடாக்கும் தகட்டில் போய் அப்பிக்கொள்ளும்.

நாட்டுமாடு_நண்பன்
23 ஜனவரி, மதியம் 1.48

சரி மாமா. ஆனாலும் ருசி வேற.

எஸ்என்எஃப்_மாமா
23 ஜனவரி, மதியம் 1.50

ருசியில் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வேப்பேரி_பழசு
23 ஜனவரி, மாலை 5.45

இனிப்புக்கு வருவோம். முதல் கறவையில் லாக்டோஸ் 2.7 சதவீதம்தான். இரண்டாவதில் 4ஐத் தொடும், மூன்றாவதில் 4.4, ஒரு வாரத்துக்குள் 5ஐ ஒட்டி வந்துவிடும். புரதம் இறங்க இறங்க சர்க்கரை ஏறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, கொஞ்சம் நீட்டுவேன். மடிக்குள் இருக்கும் பால் செல்லில் ஒரு நொதி இருக்கிறது. உடம்பு முழுக்க அதற்கு வேறு வேலை, சர்க்கரைச் சங்கிலியில் காலக்டோஸ் மாட்டுவது. மடியில் மட்டும் ஆல்பா லாக்டால்புமின் என்ற ஒரு புரதம் வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நொதி, காலக்டோஸைக் கொண்டுபோய் நேராக குளுக்கோஸில் மாட்டும். அதுதான் லாக்டோஸ். இந்த ஆல்பா லாக்டால்புமின் யார் தெரியுமா? கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் கிருமியை உடைக்கும் லைசோசைமின் பங்காளி. ஒரே மூதாதை மரபணுவின் இரண்டு கிளை. சண்டைக்காரர் வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பிவந்து மிட்டாய்க் கடை வைத்த கதை.

சினையாக இருக்கும்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இந்தக் கடையைத் திறக்க விடாது. கன்று வெளியே வரும் நேரத்தில் அது சரிந்ததும் கடை திறக்கும். செல்லுக்குள் உருவாகும் லாக்டோஸ் தனியாக வெளியே கசிய முடியாது, அதனால் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். மாடு ஆறு லிட்டர் கறக்குமா, பத்து லிட்டர் கறக்குமா என்பது பெருமளவு லாக்டோஸ் எவ்வளவு சுரக்கிறது என்பதில்தான் இருக்கிறது. முதல் கறவை தேன் மாதிரிக் கெட்டியாக இருந்ததும் அப்புறம் நீர்த்ததும் இதனால்தான். 1990களில் ஆல்பா லாக்டால்புமின் மரபணுவை நீக்கிய எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். லாக்டோஸ் இல்லை, தண்ணீரும் வரவில்லை. பால் பசை மாதிரி ஆகிவிட, குட்டிகளால் உறிஞ்சவே முடியவில்லை.

உப்பு கரித்ததற்கும் காரணம் உண்டு. பால் செல்களுக்கு நடுவே இருக்கும் இணைப்பு பிரசவ சமயத்தில் முழுசாக இறுகியிருக்காது. ரத்தப் பக்கத்திலிருந்து சோடியமும் குளோரைடும் கசியும். இரண்டொரு நாளில் இறுகிவிடும். உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் பச்சைப் பாலை இனிமேல் நக்காதீர்கள்.

துறைமுகத்து_மணி
23 ஜனவரி, இரவு 8.10

டாக்டர் ஐயா, காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஐஸ் கம்பெனி பின்னால் ஒரு தாய் நாய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. நாலு குட்டி, கண் திறந்து நாலைந்து நாள் இருக்கும். பாக்கெட் பால் கொடுத்தால் கழிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் சேர்த்தும் கொடுத்தேன், இன்னும் சோர்ந்துபோகுது. என்ன செய்ய?

வேப்பேரி_பழசு
23 ஜனவரி, இரவு 8.35

தண்ணீர் சேர்க்காதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள். நாய்ப்பாலில் புரதம் 7, 8 சதவீதம், கொழுப்பு 9ஐ ஒட்டி, சர்க்கரை 3 சொச்சம். நீங்கள் கொடுக்கும் பாக்கெட்டில் புரதம் 3, சர்க்கரை 5. குட்டிக்கு வேண்டியது பாதிகூட இல்லை, வேண்டாதது கூடுதல். தண்ணீர் விட்டால் பாதியும் கால் ஆகிறது. நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள், மருந்துக்கடையில் கேளுங்கள். வெதுவெதுப்பாக, கவிழ்த்துப் படுக்கவைத்துப் புகட்டுங்கள். கழிச்சல் நாளையும் நிற்கவில்லை என்றால் கூடையில் போட்டு வேப்பேரிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

ஒவ்வொரு பிராணிக்கும் குட்டி வளரும் வேகத்துக்குத் தக்கபடி பால். முயல்குட்டி ஒரு வாரத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்காகும், கன்றுக்கு ஒன்றரை மாதம் ஆகும், மனிதக் குழந்தைக்கு ஐந்து மாதம். முயல் பாலில் புரதம் 10 சதவீதத்துக்கு மேல், தாய்ப்பாலில் 1 சதவீதம்தான்.

துறைமுகத்து_மணி
23 ஜனவரி, இரவு 8.50

பவுடர் வாங்கியாச்சு ஐயா. சும்மா ஒரு கேள்வி. கடலில் ஓங்கில் (டால்பின்) குட்டி தாய் பக்கத்திலேயே நீந்துவதைப் பார்த்திருக்கிறேன். அதுக்குப் பால் எப்படி?

வேப்பேரி_பழசு
24 ஜனவரி, காலை 6.30

ஓங்கில் பாலில் சர்க்கரை மிகக் குறைவு, கொழுப்புதான் பிரதானம். கடல்நாய் வகையில் இது உச்சத்துக்குப் போகும். வட அட்லாண்டிக் பனிக்கட்டியில் குட்டி போடும் ஒரு கடல்நாய் நாலே நாள்தான் பால் கொடுக்கும். அந்தப் பாலில் 60 சதவீதம் கொழுப்பு, கிட்டத்தட்ட வெண்ணெய். குட்டி அந்த நாலு நாளில் இரு மடங்காகிவிடும், தாய் கிளம்பிவிடும்.

இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியாவின் வாலபி, கங்காருவின் சின்ன ஜாதி. பிறக்கும்போது குட்டி ஒரு கிராம்கூடத் தேறாது. பைக்குள் காம்பைப் பிடித்துத் தொங்கும் மாதங்களில் வரும் பால் நீர்த்தது, நீளச் சங்கிலிச் சர்க்கரைகள் நிறைந்தது, கொழுப்பு குறைவு. குட்டி பையை விட்டுத் தலையை நீட்டும் காலத்தில் சர்க்கரை ஏறக்குறைய காணாமல் போய், கொழுப்பும் புரதமும் ஏறும். முன்பு சுரந்த சில புரதங்களே நின்று வேறு புரதங்கள் தொடங்கும். கங்காரு ஒரு காம்பில் பெரிய குட்டிக்கு ஒரு பாலும், பக்கத்துக் காம்பில் புதுக்குட்டிக்கு வேறொரு பாலும் ஒரே நேரத்தில் கொடுக்கும்.

இதில் ஒரு சோதனை செய்தார்கள். சின்ன வாலபிக் குட்டியை எடுத்து, பால் முதிர்ந்த நிலைக்குப் போய்விட்ட வேறொரு தாயின் பையில் வைத்தார்கள். புதுக் குட்டி சின்னதாயிற்றே என்று தாய் பாலை மாற்றவில்லை, தன் நாட்காட்டிப்படியே போனது. குட்டிதான் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. தாயின் மடிக்குள்தான் கடிகாரம் ஓடுகிறது.

பழைய_வண்ணை
26 ஜனவரி, மதியம் 12.20

இழையை விடாமல் படித்தேன். சரியான நேரத்தில் கண்ணில் பட்டது. என் நாத்தனாருக்கு முந்தாநாள் பெண் குழந்தை. அத்தை, முதலில் வரும் மஞ்சள் பாலைப் பீச்சிக் கொட்டு, அது பழைய பால், குழந்தைக்கு ஆகாது என்கிறார். அதுவும் நாலு சொட்டுதான் வருகிறது, போதவில்லை என்று சர்க்கரைத் தண்ணீரால் சேனை வைக்கப் பார்த்தார். இன்று காலை தெருவில் கழுதைப் பால்காரர் வேறு. ஒரு சங்கு ஐம்பது ரூபாய், பச்சையாகவே புகட்டினால் குரல் கணீரென்று வருமாம். நான் மருமகள், நான் சொன்னால் எடுபடாது. யாராவது சொல்லுங்கள், போனைக் காட்டுகிறேன்.

இரவுப்பணி_அக்கா
26 ஜனவரி, மதியம் 2.05

தங்கச்சி, பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் நான். அத்தையிடம் காட்டு, அவர்களுக்கே எழுதுகிறேன்.

அம்மா, அந்த மஞ்சள் பால்தான் சீம்பால். மாட்டுக்கு வந்தால் இட்லிப் பானை வைத்துக் கொண்டாடுகிறோம், நம் பெண்ணுக்கு வந்தால் கொட்டச் சொல்கிறோம். மஞ்சளாக இருப்பது கரோட்டின், பழசானதால் இல்லை. முதல் நாள் சில ஸ்பூன்தான் வரும், குழந்தையின் வயிறும் அந்த அளவுதான். அதில் புரதம் பின்னால் வரும் பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் ஐயா சொன்னபடி, நம் குழந்தைக்கு ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும். சீம்பாலில் வருவது வேறு வகை, ஐஜிஏ என்பார்கள், குடலின் உள்சுவரில் காவலுக்கு நிற்பது. தொடக்கத்தில் பால் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்தத் தெளிநீர்ப் புரதங்கள், கேசீன் ஒரு பங்குதான். இரண்டு மூன்று வாரத்தில் ஆறுக்கு நாலு என்றாகும், மாதங்கள் போனால் பாதிக்குப் பாதி. பசும்பாலில் இரண்டுக்கு எட்டு. அதனால்தான் பிறந்த குழந்தைக்குப் பசும்பால் வேண்டாம் என்று கழுத்தைப் பிடிக்காத குறையாகச் சொல்கிறோம்.

சர்க்கரையிலும் நம் பால் தனி. லாக்டோஸ் தொடக்கத்தில் ஐந்தரை சதவீதத்தை ஒட்டி, பிறகு ஏழு. இதைத் தவிர குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைச் சங்கிலிகள், ஆலிகோசாக்கரைடு என்று பெயர், சீம்பாலில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கும். பின்னால் 5 முதல் 15 வரை குறையும். குழந்தையால் செரிக்க முடியாததை எதற்குத் தாய் சுரக்கிறாள்? குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாவுக்கு அது சோறு. கெட்ட கிருமி குடல் சுவர் என்று நினைத்து இதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். சர்க்கரைத் தண்ணீரில் இதெல்லாம் ஒன்றும் கிடையாது.

பால் பெருகுவது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். அதுவரை குழந்தையை அடிக்கடி மார்பில் போடுங்கள். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிட்ட சிலருக்குப் பெருகுவது தள்ளிப்போகும், அப்படி இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

கழுதைப் பால். சர்க்கரையும் புரதமும் தாய்ப்பாலுக்குப் பக்கத்தில் வரும் என்பது நிஜம், பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. ஆனால் கொழுப்பு ரொம்பக் குறைவு, அதைவிடப் பெரிய சங்கதி தெருவில் பச்சையாகக் கறந்து, நாலு வீட்டுக்குப் புகட்டிய அதே சங்கு. கழிச்சலோடு தூக்கிக்கொண்டு வரும் குழந்தைகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன். வேண்டாம்.

பழைய_வண்ணை
26 ஜனவரி, மாலை 6.40

அக்கா, படித்துக் காட்டினேன். இட்லிப் பானை வரியில் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கு கழுவி அலமாரியில் வைத்தாயிற்று. ஒரே ஒரு சந்தேகம். பக்கத்துக் கட்டிலில் ஏழரை மாதத்தில் பிறந்த குழந்தை. அந்தத் தாயின் பாலும் இப்படித்தானா?

இரவுப்பணி_அக்கா
26 ஜனவரி, இரவு 11.30

குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரம் புரதம் இன்னும் கூடுதல். அந்தக் குழந்தைக்குத் தன் தாயின் பால்தான் முதல் மருந்து. உறிஞ்சத் தெம்பில்லை என்றால் பீச்சிப் பாலாடையில் கொடுப்பார்கள். பெயர் வைத்ததும் சொல்லுங்கள்.

தண்டவாளத்தோரம்
11 ஜூன், இரவு 7.30

பழைய இழையைக் கிளறுகிறேன், மன்னிக்கவும். அதே சிவப்பு மாடு. கன்று நன்றாக இருக்கிறது, முட்டித் தள்ளுகிறது (ஐயாவுக்காகச் சொல்கிறேன், முதல் கறவை முழுக்கக் கன்றுக்குத்தான் போயிருக்கிறது, விசாரித்துவிட்டேன்). இரண்டு நாளாகப் பால் உப்புக் கரிக்கிறது. மறுபடி சீம்பாலா?

வேப்பேரி_பழசு
11 ஜூன், இரவு 7.55

இல்லை. பெரியவரை நாலு காம்பையும் தனித்தனியாகக் கறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் முதல் பீச்சையும் ஒரு கறுப்புத் துணி மேல் விட்டுப் பாருங்கள்.

தண்டவாளத்தோரம்
12 ஜூன், காலை 7.10

மூன்று காம்பில் ஒன்றும் இல்லை. பின்பக்க இடது காம்பில் மட்டும் துணி மேல் வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு, தயிர் உடைந்த மாதிரி. பெரியவர் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். துணிதுவைக்கும் பவுடரைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பாலோடு சமமாகக் கலந்து சுழற்றினார். மூக்குச்சளி மாதிரி கொழகொழத்தது. மற்ற காம்புப் பால் தண்ணீராகவே ஓடியது.

வேப்பேரி_பழசு
12 ஜூன், காலை 7.25

மடிநோய். இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீக்கம் பால் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்பைப் பிளந்துவிட்டது. லாக்டோஸ் ரத்தத்துக்குள் கசிகிறது, உப்பு பாலுக்குள் கசிகிறது. அந்தக் கொழகொழப்பு நோயை எதிர்க்க வந்த வெள்ளை அணுக்களின் டிஎன்ஏ. ஊசி போட்டால் டாக்டர் சொல்லும் நாள் வரை எந்தக் காம்புப் பாலையும் விற்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

மூலக்கொத்தளம்_முரளி
12 ஜூன், காலை 9.00

கறுப்புத் துணி, சோப்புப் பவுடர். இதுக்குமேல் ஒரு லேப் எதுக்கு.

தண்டவாளத்தோரம்
18 நவம்பர், இரவு 8.20

மூன்றாவது தடவை. மடி ஜூனிலேயே சரியாகிவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மாடு தண்டவாளப் பக்கம் நனைந்துகொண்டு நிற்கிறது. பால் வேளைக்கு ஒன்றரை லிட்டராகக் குறைந்துவிட்டது. மறுபடி உப்புச் சாடை. கறுப்புத் துணி போட்டேன், நாலு காம்பும் சுத்தம், நாலிலும் ஒரே கரிப்பு. அம்மாவின் புகார் வேறு: பால் கெட்டியாக இருக்கிறது, ஏடு தடிமனாகப் படிகிறது, ஆனால் தயிர் சரியாக உறையவில்லை, தளதளவென்று தண்ணீர் விடுகிறது.

எஸ்என்எஃப்_மாமா
18 நவம்பர், இரவு 8.45

கன்று போட்டுப் பத்து மாதம். சினையா?

தண்டவாளத்தோரம்
18 நவம்பர், இரவு 8.47

ஆமாம், ஏப்ரல் கடைசியில் போட்ட சினை ஊசியில் சினை பிடித்துவிட்டது.

எஸ்என்எஃப்_மாமா
18 நவம்பர், இரவு 9.05

அப்படியானால் நோய் இல்லை, வற்றுகிற கறவை. சொசைட்டியில் ஒரு மாட்டின் பாலை வருடம் முழுக்கச் சோதித்தால் கோடு அழகாக விழும். கன்று போட்ட ஒன்றரை, இரண்டு மாதத்தில் பால் உச்சம், புரதமும் கொழுப்பும் சதவீதத்தில் அடிமட்டம். அந்த நேரத்தில்தான் 'தண்ணி கலக்கிறான்' என்று மாட்டுக்காரர் மேல் பழி வரும், பாவம். பிறகு பால் குறையக் குறைய இரண்டும் ஏறும். லாக்டோஸ் மட்டும் நடு மாதங்களில் ஆடாமல் நின்று, கடைசியில் சரியும்.

வேப்பேரி_பழசு
19 நவம்பர், காலை 6.15

மாமா சொன்னதோடு தயிரையும் சேர்த்துக்கொள்கிறேன். கடைசி மாதங்களில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மின் என்ற நொதி பாலுக்குள் அதிகம் வரும். அது கேசீனை நறுக்கும். ஆகப் புரதம் அளவில் கூடுதல், ஆனால் வலை பின்ன வேண்டிய இழை துண்டு துண்டு. தயிர் தளர்கிறது. அம்மாவிடம் உறைமோரைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உப்புக்குக் காரணம், நீங்கள் ஜனவரியில் விரலில் தொட்டு நக்கியபோது கரித்ததற்கு இருந்த அதே காரணம்தான். அன்று பால் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்பு முழுசாக இறுகவில்லை, ஜூனில் ஒரு காம்பில் மட்டும் நோய் பிளந்தது, இப்போது வேலை முடிந்து நாலு காம்பிலும் தானாகத் தளர்கிறது. மூன்று தடவையும் சர்க்கரை இறங்கிய நேரத்தில்தான் உப்பு ஏறியது. கரைந்திருக்கும் பொருள்களின் செறிவில் பால் ரத்தத்தோடு சமமாக நிற்க வேண்டும், ஒன்று குறைந்தால் அந்த இடத்தை மற்றது நிரப்பியாக வேண்டும்.

கறவையை நிறுத்தச் சொல்லுங்கள். ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே மடிக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வின் கடைசி வாரங்களில்தான் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தை மடி இழுத்துச் சேமிக்கும். ஒன்றரை லிட்டருக்கு ஆசைப்பட்டுக் கறந்துகொண்டே இருந்தால் அடுத்த கன்றுக்குத்தான் நஷ்டம்.

பழைய_வண்ணை
19 நவம்பர், காலை 10.40

இழை மேலே வந்ததால் சொல்கிறேன். பாப்பாவுக்குப் பத்து மாதம் முடியப்போகிறது, இட்லி பிசைந்து கொடுத்தால் துப்புகிறாள், தாய்ப்பால் விடவில்லை. அத்தை இப்போது தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் போய் மஞ்சள் பாலைக் கொட்டாதே என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

தண்டவாளத்தோரம்
24 நவம்பர், இரவு 9.10

நேற்றோடு கறவை நின்றது. பெரியவர் முதலில் முறைத்தார், இரண்டு மாதம் யார் காசு கொடுப்பார்கள் என்று. பிறகு அவரே, போன தடவை கடைசி வரை கறந்தேன், அந்தக் கன்று தங்கவில்லை என்றார். இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் என்று நாள் சொல்லியிருக்கிறார். முதல் கறவை கன்றுக்கு. இரண்டாவதில் மிச்சம் இருந்தால் ஒரு சொம்பு எனக்கு.

கல்மண்டபம்_கலா
24 நவம்பர், இரவு 9.25

இரண்டாவது கறவை என்றால் அரைப் பங்கு பால்தான், நினைவிருக்கட்டும்.

தண்டவாளத்தோரம்
24 நவம்பர், இரவு 9.31

எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியாயிற்று அக்கா. அம்மா மட்டும் இன்னமும் முரளி சொன்னதுதான் சரி என்று இட்லிப் பானைக்குப் புது மூடி கேட்கிறார்.